ஒரு கட்டைக்கு நாலு பலகை

மைன்கிராஃப்டில் ஒரு முழு நாள் 20 நிமிசம். அதில் நல்ல வெளிச்சம் இருப்பது 10 நிமிசம்தான். புதிதாக ஓர் உலகத்தைத் திறந்தால் கையில் ஒன்றும் இராது. கத்தி இல்லை, வரைபடம் இல்லை, என்ன செய்ய வேணும் என்று சொல்ல ஒரு ஆளும் இல்லை. பக்கத்தில் மரம் நிற்கும். வெறுங்கையால் அதை அடித்துக்கொண்டே இருந்தால் ஒரு கட்டை விழும். ஒரு கட்டைக்கு நாலு பலகை. ரெண்டு பலகைக்கு நாலு தடி. நாலு பலகையைச் சதுரமாக அடுக்கினால் வேலைமேசை. மேசையில் மூன்று பலகையும் ரெண்டு தடியும் வைத்தால் மரப் பிக்காசு. பிக்காசு இருந்தால் கல் உடைக்கலாம், எட்டுக் கல்லில் ஓர் உலை செய்யலாம். நிலக்கரி கிடைத்தால் பந்தம். கிடைக்காவிட்டால் கட்டையையே உலையில் போட்டுக் கரியாக்கலாம். இவ்வளவும் பொழுதுபட முதல் முடிய வேணும்.

பொழுதுபட்டால் சொம்பிகள் வரும். எலும்புக்கூடுகள் வில்லோடு வரும். க்ரீப்பர் சத்தமில்லாமல் பின்னால் வந்து நின்று வெடிக்கும். (இந்தக் க்ரீப்பர் பிறந்ததே ஒரு பிழையில். பன்றியை உருவாக்கேக்க உயரத்தையும் நீளத்தையும் மாறிப் போட்டதில் வந்த உருவம் அது.) எங்களில் கன பேருடைய முதல் இரவு ஒரே மாதிரித்தான். மண்ணில் குழி தோண்டி, தலைக்கு மேல் ஒரு கட்டியை வைத்து மூடி, வெளியில் கேட்கிற முனகலைக் கேட்டுக்கொண்டு ஏழு நிமிசம் இருட்டுக்குள் நின்றது. இதுக்குப் பேர் விளையாட்டா என்று வீட்டில் கேட்டால் பதில் சொல்லக் கஷ்டம். ஆனால் விடிந்து மூடியை உடைத்து வெளியில் வந்து, வெயிலில் சொம்பி எரிகிறதைப் பார்க்கேக்க வருகிற நிம்மதி இருக்கே, அதை வேறு கேம்களில் நாங்கள் கண்டதில்லை.

அதுக்குப் பிறகு வேலை ஒரு முடிவில்லாமல் வரும். பசிக்குக் கோதுமை வேணும், கோதுமைக்கு மண்வெட்டி வேணும், பக்கத்தில் தண்ணி வேணும், தண்ணி அள்ள வாளி வேணும், வாளிக்கு இரும்பு வேணும், இரும்புக்குக் குகைக்குள் இறங்க வேணும், குகைக்குப் பந்தம் வேணும், பந்தத்துக்குத் தடி வேணும், திரும்பவும் மரம். "இதை மட்டும் முடிச்சிட்டுப் படுக்கிறன்" என்று சொல்லிச் சொல்லியே விடிகாலை ஆகும். குகைக்குள் செத்துப்போனால் கையிலிருந்ததெல்லாம் அந்த இடத்திலேயே கொட்டுப்படும். நாங்கள் அந்தப் பக்கம் போய்ச் சேர்ந்தபிறகு ஐந்து நிமிசத்துக்குள் எடுக்காவிட்டால் எல்லாம் மறைந்துவிடும். அந்த ஐந்து நிமிச ஓட்டத்தில் இதயம் அடிக்கிற அடி உண்மையானது.

பசி, இருட்டு, இழப்பு. சாதாரணமாக மனிசர் தப்பியோடப் பார்க்கிற மூன்றையும் எடுத்து விளையாட்டாக்கலாம் என்று ஆருக்கு முதலில் தோன்றியது? கேம் வரலாற்றை எழுதுகிறவர்கள் வழக்கமாக 2009இல் தொடங்குவார்கள். நாங்கள் இன்னும் 300 வருசம் பின்னால் போகவேண்டும் என்று நினைக்கிறோம். அப்பிடிப் போனால் வழியில் எங்கட மூதூரும் வரும்.

1719இல் லண்டனில் டானியல் டீஃபோ என்பவர் 'ரொபின்சன் குரூசோ' நாவலை வெளியிட்டார். கப்பல் உடைந்து தனித்தீவில் 28 வருசம் வாழ்ந்த ஒருவனின் கதை. இதைப் பள்ளிக்கூடத்தில் சுருக்கமாகப் படித்தவர்களுக்கு அந்த மனிசனும் குடையும் காலடித்தடமும் மட்டும் ஞாபகம் இருக்கும். முழுப் புத்தகத்தையும் வாசித்தால் அது கிட்டத்தட்ட ஒரு கேம் வழிகாட்டி மாதிரி இருக்கும். முதல் வேலை, உடைந்த கப்பலிலிருந்து சாமான் சேர்ப்பது. 13 நாட்களுக்குள் 11 தடவை போய்வருகிறான். தச்சு ஆயுதங்கள், துவக்கு, வெடிமருந்து, பாய்மரத் துணி, கயிறு, எல்லாத்துக்கும் பட்டியல் இருக்கு. பிறகு வேலி, குகை, விளக்கு, பானை, ஆடு, பார்லி. ஒரு துண்டு பாண் சாப்பிட எத்தனை சின்னச் சின்ன வேலை செய்யவேண்டி இருக்கு என்று ஓரிடத்தில் ஆச்சரியப்படுகிறான். எங்கட அம்மம்மாமாருக்கு இதெல்லாம் ஒரு செய்தியே இல்லை.

கப்பலில் காசும் கிடைக்கிறது. இங்கே இது எதுக்கும் உதவாது என்று அதைத் திட்டுகிறான், பிறகு யோசித்துப்பார்த்து எடுத்துக்கொண்டுதான் போகிறான். மைன்கிராஃப்டில் தங்கத்தால் செய்த ஆயுதங்கள்தான் எல்லாத்திலும் சீக்கிரம் உடைகிறவை. கன காலமாக அங்கேயும் தங்கம் பெரிய பிரயோசனம் இல்லாத சாமான். ஆனாலும் சுவரில் மஞ்சள் புள்ளி தெரிந்தால் நாங்கள் எல்லாரும் தோண்டித்தான் எடுத்தோம்.

ஒரு பெரிய வித்தியாசமும் இருக்கு. குரூசோவுக்குத் தட்டு அடிக்க ஒரு நீளமான பலகை தேவைப்படுகிறது.  மரத்தை வெட்டி, ரெண்டு பக்கமும் செதுக்கிச் செதுக்கி மெலிதாக்க வேணும். அந்த ஒரு பலகைக்கு அவனுக்கு 42 நாள் போகிறது. எங்களுக்கு ஒரு கட்டைக்கு நாலு பலகை, ஒரு சொடுக்கில். கேம் இங்கே செய்திருக்கும் வேலையைக் கவனிக்க வேணும். செய்முறையின் ஒழுங்கை வைத்துக்கொண்டு, அதிலுள்ள சலிப்பையும் கை நோவையும் கழற்றி எடுத்துவிட்டது. எதிலிருந்து எது வருகிறது என்ற அறிவு மட்டும் மிச்சம். அந்த அறிவு கையில் சேர்வதுதான் சுகம் என்று எங்களுக்குப் படுகிறது. நாங்கள் பாவிக்கிற சாமான் ஒன்றும் எங்களால் செய்யப்படாத ஒரு காலத்தில், கல்லிலிருந்து கண்ணாடி ஜன்னல் வரைக்கும் ஒவ்வொரு படியும் தெரிந்த ஒரு வீட்டில் இருக்க ஆருக்குத்தான் விருப்பம் வராது?

டீஃபோவுக்கு இந்தக் கதை எங்கேயிருந்து வந்தது? எல்லாரும் சொல்லுகிற பேர் அலெக்சாந்தர் செல்கர்க். ஸ்கொட்லாந்து மாலுமி. பசுபிக்கில் ஆளில்லாத ஒரு தீவில் 1704 தொடக்கம் 1709 வரை தனியாக இருந்தவர். அந்தத் தீவுக்கு 1966இல் சிலி அரசாங்கம் 'ரொபின்சன் குரூசோ தீவு' என்றே பேர் வைத்தது. ஆனால் ஆய்வாளர்கள் இன்னொரு ஆளையும் சொல்லுகிறார்கள். ரொபர்ட் நொக்ஸ்.

நொக்ஸை எங்களுக்குக் கண்டி இராச்சியப் பாடத்தில் தெரியும். புயலில் பாய்மரம் முறிந்த 'ஆன்' என்ற கப்பலைத் திருத்துவதற்காக கொட்டியாரக் குடாவுக்கு வந்து, 1660இல் மூதூர்ப் பக்கம் தகப்பனோடும் மற்ற மாலுமிகளோடும் கண்டி அரசனின் ஆட்களிடம் பிடிபட்டவர். 19 வருசத்துக்கு மேல் கண்டி இராச்சியத்துக்குள் இருந்து, 1679இல் தப்பி மன்னார் அரிப்பில் இருந்த ஒல்லாந்தர் கோட்டைக்குப் போய்ச் சேர்ந்தார். அவர் எழுதிய புத்தகம் 1681இல் லண்டனில் வந்தது. டீஃபோ அதை வாசித்தவர் என்பதில் சந்தேகமில்லை. 1720இல் வந்த தன் 'கப்டன் சிங்கிள்டன்' நாவலுக்குள் நொக்ஸின் கதையைச் சுருக்கிச் சேர்த்தே இருக்கிறார்.

இப்ப நொக்ஸ் எப்பிடிப் பிழைத்தார் என்று பாருங்கோ. அவர் தொப்பி பின்னினார். பின்னிய தொப்பிகளை ஊராட்களுக்கு விற்றார். நெல்லை வட்டிக்குக் கொடுத்தார். கோழியும் பன்றியும் வளர்த்தார். சாமான் தூக்கிக்கொண்டு ஊரூராய்த் திரிந்து வியாபாரம் செய்தார், அந்த வியாபாரத்தைச் சாட்டாக வைத்துத்தான் வடக்குப் பக்கம் வழியும் பார்த்தார். ஒரு கிழவரிடம் ஆங்கில பைபிள் ஒன்று இருப்பதைக் கண்டு, ஒரு தொப்பியைக் கொடுத்து அதை வாங்கியது அவருடைய வாழ்க்கையிலேயே பெரிய வியாபாரம். எந்த ஒரு நாளும் நொக்ஸ் தனியாகப் பிழைக்கவில்லை. சோறு கொடுக்கச் சொல்லி அரசன் ஊருக்குக் கட்டளை போட்டிருந்தான், அந்தச் சோற்றை ஊர் போட்டது. கடன் வாங்கின ஆட்கள் இருந்தார்கள், மொழி சொல்லிக்கொடுத்த ஆட்கள் இருந்தார்கள். அவருடைய கதையில் காட்டை விட மனிசர்தான் கூட.

டீஃபோ தன் குரூசோவுக்கு அந்த மனிசரை எல்லாம் துடைத்துவிட்டார். தீவைக் காலியாக்கினார். இது சும்மா கதைக்கான வசதி இல்லை என்று நாங்கள் நினைக்கிறோம். குரூசோ பிரேசிலில் தோட்டம் வைத்திருந்தவன், கப்பல் உடைந்தபோது அவன் போய்க்கொண்டிருந்ததே ஆபிரிக்காவில் அடிமைகளை வாங்க. கரை ஒதுங்கிய கொஞ்சக் காலத்துக்குள்ளேயே தீவு முழுக்கத் தன்னுடையது என்று நினைக்கத் தொடங்குகிறான். பல வருசம் கழித்து ஒரு மனிசன் வரும்போது அவனுடைய பேரென்ன என்று கேட்கவில்லை. தானே 'வெள்ளிக்கிழமை' என்று பேர் வைத்து, தன்னை 'எசமான்' என்று கூப்பிடப் பழக்குகிறான்.

இங்கேயிருந்து கேம்களுக்கு வருவோம். இந்த நடுப்பகுதியை வேகமாகக் கடக்கலாம்.

1971இல் அமெரிக்காவின் மினியாபோலிஸில் பயிற்சி ஆசிரியர்களாக இருந்த டொன் ரவிட்ச், பில் ஹைனமன், போல் டிலன்பெர்கர் என்ற மூன்று பேர், 8ஆம் வகுப்பு வரலாற்றுப் பாடத்துக்காக 'ஒரிகன் ட்ரெயில்' என்ற கேமைச் செய்தார்கள். திரை கூட இல்லை. தட்டச்சு இயந்திரம் மாதிரியான ஒன்றில் கடதாசியில் அடித்து வரும். மேற்கு நோக்கி மாட்டு வண்டியில் போகும் குடியேறிகளின் சாப்பாடு, துணி, மருந்து, தோட்டா எல்லாத்தையும் அளந்து செலவழிக்க வேணும். வேட்டையாட 'பேங்' என்று ஆங்கிலத்தில் அடிக்க வேணும். எவ்வளவு வேகமாக அடிக்கிறீர்களோ அவ்வளவு இறைச்சி. வரலாற்று வாத்தியார் ஒருவருக்காகப் பிறந்த கேம் என்பதில் கலைப்பீடத்துக்காரர்களான எங்களுக்கு ஒரு சின்னப் பெருமை. ஆனால் அந்தப் பாதையின் ரெண்டு பக்கமும் ஏற்கெனவே ஆட்கள் வாழ்ந்தார்கள், அது அவர்களுடைய நிலம் என்பது அந்த வண்டிக்குள் இருந்து பார்த்தால் பெரிதாகத் தெரியாது.

1980இல் வந்த 'ரோக்' சுரங்கத்துக்குள் பசியையும், ஒருக்காச் செத்தால் செத்ததுதான் என்ற விதியையும் கொண்டுவந்தது. 1992இல் பின்லாந்தில் சாமி மாரானன், இரும்புக்காலப் பின்லாந்தில் நடக்கும் 'அன்ரியல் வேர்ல்ட்' என்ற கேமை வெளியிட்டார். பொறி வைத்தல், தோல் பதனிடல், குளிர்காலத்துக்கு இறைச்சி காயவைத்தல் எல்லாம் அதில் இருக்கு. 30 வருசத்துக்கு மேலாக அதை விடாமல் திருத்திக்கொண்டே இருக்கிறார். இந்த வகைக் கேமின் உண்மையான மூதாதை இதுதான் என்று சொல்லலாம்.

2009 வசந்தத்தில் அமெரிக்கரான சக்கரி பார்த் 'இன்ஃபினிமைனர்' என்ற கேமை வெளியிட்டார். ரெண்டு அணிகள் போட்டி போட்டுத் தோண்ட வேண்டிய கேம். விளையாடினவர்கள் போட்டியை விட்டிட்டுக் கட்டிகளை அடுக்கி வீடு கட்டத் தொடங்கினார்கள். அதின் நிரல் வெளியே கசிய, பார்த் அதைக் கைவிட்டார். அதைப் பார்த்து உற்சாகமான சுவீடன்காரர் மார்க்கஸ் பெர்சன், 2009 மே 17 அன்று மைன்கிராஃப்டின் முதல் வடிவத்தை வெளியே விட்டார். அந்த வடிவத்தில் பசியும் இல்லை, சொம்பியும் இல்லை, வேலைமேசையும் இல்லை. கட்டியை வைக்கலாம், உடைக்கலாம், அவ்வளவுதான். அதே வருசம் செப்டெம்பரில் பேய்களும் சாவும் வந்தன. 2010 தொடக்கத்தில் சாமான் செய்கிற முறை வந்தது. பசி அளவுகோல் வந்தது 2011 செப்டெம்பரில், முழு வெளியீட்டுக்கு ரெண்டு மாதம் முதல்தான். மனிச வரலாறு பசியில் தொடங்கி வீட்டில் வந்து நிற்கிறது. மைன்கிராஃப்டின் வரலாறு வீட்டில் தொடங்கிப் பசிக்கு வந்தது.

இன்னொரு விசயம். 2017 வரைக்கும் எதை எப்பிடிச் செய்வது என்று கேமின் கணினி வடிவத்துக்குள் எழுதியிருக்கவில்லை. சாமான் செய்முறைப் புத்தகம் வந்தது அந்த வருசம்தான். அதுக்கு முதல், கட்டில் செய்ய மூன்று பலகையும் மூன்று ஆட்டுமயிரும் வேணும் என்று ஆரோ சொல்லித்தான் தெரியவேணும். அண்ணாமார் தம்பிமாருக்குச் சொன்னார்கள், ரியூஷன் கொப்பியின் பின்பக்கத்தில் ஒன்பது கட்டம் கீறி நண்பர்கள் எழுதித் தந்தார்கள். தனித்தீவு என்று சொல்லிக்கொண்ட கேம், வெளியில் ஒரு ஊரில்லாமல் விளையாடவே முடியாததாக இருந்தது. எங்களுக்கு அந்தக் கேமில் ஆகவும் பிடித்த காலம் அதுதான். 2014இல் மைக்ரோசொஃப்ட் அதை 250 கோடி டொலருக்கு வாங்கியது. 2023இல் 30 கோடிப் பிரதிகள் விற்றதாக அறிவித்தார்கள். இந்த இலக்கங்களைக் கடந்து போவோம்.

மைன்கிராஃப்டின் உலகம் குரூசோவின் தீவை விடக் காலியானது. ஆங்காங்கே கிராமங்கள் வந்தன, கிராமத்து ஆட்கள் வந்தார்கள். வீரர்கள் அவர்களோடு என்ன செய்தார்கள் தெரியுமா? ஒவ்வொருவரையும் ஆள் அசைய முடியாத கூண்டுக்குள் அடைத்து, வரிசையாக வைத்து, வியாபாரக்கூடம் கட்டினார்கள். வேணுமென்று சொம்பியிடம் கடிபட விட்டு, பிறகு மருந்து கொடுத்துக் குணப்படுத்தினால் நன்றியில் விலையைக் குறைப்பார்கள் என்று கண்டுபிடித்தார்கள். இதைச் சொல்லிக்கொடுக்கிற காணொளிகள் எக்கச்சக்கம். ஒருத்தரும் கெட்டவர்கள் இல்லை, எல்லாரும் கணக்குப் பார்க்கிறவர்கள். டீஃபோ கண்டால் சந்தோசப்பட்டிருப்பார்.

2012இல் 'டேய்-இசட்' வந்தது. அதைச் செய்த டீன் ஹோல் நியூசிலாந்து இராணுவத்தில் இருந்தவர், புருணைக் காட்டில் உயிர்பிழைக்கும் பயிற்சியில் பசியாலும் காயத்தாலும் வதங்கிப் போனவர். அந்த அனுபவத்திலிருந்து வந்த கேமில் சொம்பியை விட ஆபத்தானவர்கள் மற்ற விளையாட்டுக்காரர்கள். ஒரு ரின் அவரைக்காகச் சுடுவார்கள். 2013இல் வந்த 'ரஸ்ட்' இன்னும் மோசம், நீங்கள் கேமை விட்டு வெளியில் போனாலும் உங்கட உடம்பு அங்கேயே நித்திரையாகக் கிடக்கும், ஆரும் வந்து கதவை உடைத்துக் கொல்லலாம். தீவுக்குள் மனிசர் திரும்பி வந்தார்கள், எதிரியாக மட்டும்.

எங்களை உண்மையில் நிறுத்தி யோசிக்க வைத்தது 2014 நவம்பரில் வந்த 'திஸ் வோர் ஒஃப் மைன்'. போலந்தின் வார்சோவில் இருக்கும் '11 பிட் ஸ்டூடியோஸ்' செய்தது. போகரன் என்ற கற்பனை நகரம், ஆனால் அதன் மூலம் 1992 தொடக்கம் 1996 வரை 1,425 நாட்கள் முற்றுகைக்குள் இருந்த சரயேவோ. இதில் நீங்கள் படைவீரன் இல்லை. சமையல்காரன் புரூனோ, உதைபந்தாட்டக்காரன் பாவ்லே, பத்திரிகையாளர் காட்யா மாதிரியான சனம். உடைந்த வீடு ஒன்றுக்குள் ஒளிந்திருக்கினம். பகலில் குறிபார்த்துச் சுடுகிறவர்களால் வெளியில் போகேலாது, வீட்டுக்குள் அடுப்பு, கட்டில், மழைத்தண்ணி வடிகட்டி, எலிப்பொறி செய்ய வேணும். குளிருக்குப் புத்தகங்களை எரிக்கலாம். யாழ் நூலகத்தின் கதை கேட்டு வளர்ந்தவர்களுக்கு அந்தப் பொத்தானை அழுத்த ஒரு நிமிசம் போகும். இரவில் ஒரு ஆள் மட்டும் வெளியில் போய்ச் சாமான் தேடி வரலாம்.

சரயேவோவில் உண்மையிலேயே அப்பிடித்தான் வாழ்ந்தார்கள். 1993இல் ஃபாமா என்ற குழு, உல்லாசப் பயண வழிகாட்டி மாதிரியே ஒரு 'சரயேவோ உயிர்வாழ்வுக் கையேடு' வெளியிட்டது. எங்கே தண்ணி எடுக்கலாம், எந்தத் தெருவை ஓடிக் கடக்க வேணும், எதை எரிக்கலாம் என்று சிரிக்கிற மாதிரி எழுதிய புத்தகம். அதே வருசம் விமான நிலையத்துக்குக் கீழே ஏறத்தாழ 800 மீற்றர் சுரங்கம் தோண்டினார்கள். மின்சாரம் இல்லாத வீடுகளில் கண்ணாடிப் பாத்திரத்தில் தண்ணியும் அதுக்கு மேல் கொஞ்ச எண்ணெயும் விட்டுத் திரியை மிதக்க வைத்தார்கள்.

அந்த விளக்கை வாசித்த இடத்தில் நாங்கள் நின்றுவிட்டோம். ஏனென்றால் அதே வருசங்களில், 1990 ஜூனில் யுத்தம் திரும்பத் தொடங்கின பிறகு, யாழ்ப்பாணத்தில் எரிந்தது ஜாம் போத்தல் விளக்கு. போத்தலுக்கு அடியில் பஞ்சு, பஞ்சு நனையிற அளவுக்கு மண்ணெண்ணெய், கம்பியில் பிடித்த ஒரு திரி. போத்தலுக்குள் இருப்பதால் காத்துக்கு நூராது. அதின் வெளிச்சத்தில் ஏ.எல். படித்தவர்கள் இன்றைக்கு எங்கட விரிவுரையாளர்கள். சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி, பெடலைச் சுத்தி, டைனமோவில் றேடியோ கேட்டார்கள். கொஞ்சப் பெற்றோலைக் காட்டி ஸ்டார்ட் பண்ணி, மண்ணெண்ணெயில் மோட்டார் சைக்கிள் ஓடினார்கள். சவர்க்காரத்துக்குப் பனம்பழம். பங்கருக்குப் பனங்குற்றி, மண்மூட்டைக்குச் சீலை. எங்கட வயசில் கன பேர் இதையெல்லாம் கேட்டுக் கேட்டே வளர்ந்தோம், "எங்கட காலத்தில" என்று தொடங்கினாலே எழும்பிப் போய்விடுவோம். ஆனால் கேமில் உலை செய்தால் நண்பர்களுக்குப் படம் பிடித்து அனுப்புவோம்.

இங்கேதான் கேமுக்கும் வாழ்க்கைக்கும் இடையில் ஒரு பெரிய பள்ளம் இருக்கு. மைன்கிராஃப்டில் இரும்பு கிடைக்காவிட்டால் நாங்கள் இன்னும் ஆழமாகத் தோண்டவில்லை என்று அர்த்தம். குரூசோவுக்கும் அப்பிடித்தான். இல்லாமை என்பது அங்கே இயற்கை, மழை வெயில் மாதிரி. யாழ்ப்பாணத்தில் பெற்றோல், டீசல், பற்றரி, சீமெந்து, உரம் இல்லாமல் போனது அவை உலகத்தில் தட்டுப்பட்டதால் இல்லை. கொழும்பில் ஒரு மேசையில் பட்டியல் எழுதித் தடை செய்தார்கள். குடாநாட்டை விட்டு வெளியேறப் புலிகளிடம் பாஸ் எடுக்க வேண்டி இருந்தது. சரயேவோவைச் சுற்றி மலையில் துவக்கோடு ஆட்கள் இருந்தார்கள். 2022இல் எங்கட தலைமுறையும் ஒரு சின்னத் துண்டைக் கண்டது. மார்ச் 31 அன்று 13 மணித்தியாலம் கரண்ட் இல்லை, எரிவாயு இல்லை, விறகடுப்பு திரும்பி வந்தது, போன் சார்ஜ் ஒரு உயிர் அளவுகோல் மாதிரிக் குறைந்துகொண்டு போனது. அப்பவும் ஆரும் அதை இயற்கை என்று நினைக்கவில்லை. காலிமுகத்திடலில் சனம் கூடியது அதனால்தான். உயிர்பிழைக்கும் கேம்கள் எங்களுக்கு எத்தனையோ செய்யப் பழக்குகின்றன. "இது ஏன் இல்லை, ஆர் இல்லாமல் செய்தது" என்று கேட்க அவற்றில் ஒரு பொத்தானும் இல்லை. திஸ் வோர் ஒஃப் மைனிலும் முற்றுகை போடுகிறவர்களின் முகத்தைக் காண மாட்டீர்கள். யுத்தம் எந்த நாளில் முடியும் என்பதையும் கேம் எழுந்தமானமாகத் தீர்மானிக்கிறது.

ஆனால் அந்தக் கேம் ஒன்றைச் சரியாகச் செய்தது. அதில் ஒரு அமைதியான வீடு வரும். உள்ளே ஒரு கிழவனும் கிழவியும். குளிர்பெட்டியில் சாப்பாடு இருக்கு, மருந்து இருக்கு. தடுக்க அவர்களால் ஏலாது. எடுத்துக்கொண்டு வந்தால் உங்கட ஆட்கள் அன்றைக்குப் பிழைப்பார்கள். அடுத்த நாள் எடுத்துவந்த ஆள் சோர்ந்து போய் மூலையில் இருப்பான், சிலவேளை கட்டிலை விட்டே எழும்ப மாட்டான். 2020இல் போலந்து அரசாங்கம் இந்தக் கேமைப் பாடசாலை வாசிப்புப் பட்டியலில் சேர்ப்பதாக அறிவித்தது. எங்களுக்குத் தெரிந்து இதுக்கு இதைவிடப் பெரிய காரணம் தேவையில்லை.

ஏனென்றால் மற்றக் கேம்களில் காலி வீடு என்றால் வெறும் காலி வீடுதான். லாச்சியைத் திறப்போம், எடுப்போம், போவோம். எங்கட மண்ணிலும் காலி வீடுகள் இருந்தன. 1990 ஒக்டோபர் 30 அன்று யாழ்ப்பாண முஸ்லிம்களுக்குப் புலிகள் ரெண்டு மணித்தியாலம் கொடுத்து வெளியேற்றினார்கள். சோனகத் தெருவில் அடுப்பில் வைத்தது வைத்தபடி இருந்த வீடுகளுக்கு அதுக்குப் பிறகு என்ன நடந்தது என்று எங்கட பெரியாக்கள் லேசில் கதைக்க மாட்டினம். சரியாக ஐந்து வருசம் கழித்து, 1995 ஒக்டோபர் 30 இரவு, வலிகாமத்திலிருந்து லட்சக்கணக்கான சனம் மழைக்குள் நாவற்குழிப் பாலத்தைத் தாண்டித் தென்மராட்சிக்குப் போனது. அதைப் பற்றி எல்லாரும் கதைப்பினம். திரும்பி வந்த பலருக்குக் கதவு இல்லை, ஜன்னல் இல்லை, சிலருக்குக் கூரையும் இல்லை. கதவு எங்கேயோ ஒரு இடத்தில் ஆரோ ஒருவருக்குத் தேவைப்பட்ட பலகையாகப் போயிருந்தது. ரெண்டு காலி வீட்டையும் ஒரே மூச்சில் சொல்ல எங்களுக்கு இவ்வளவு காலம் எடுத்திருக்கு.

2020இல் மைன்கிராஃப்டின் கீழுலகத்தில் 'பிக்லின்' என்ற பன்றிமுக ஆட்களைச் சேர்த்தார்கள். அவர்களுக்குத் தங்கம் கொடுத்தால் பண்டமாற்றுச் செய்வார்கள். அவர்கள் பார்த்துக்கொண்டிருக்க ஒரு பெட்டியைத் திறந்தீர்கள் என்றால் கூட்டமாகச் சேர்ந்து அடிக்க வருவார்கள். மேலுலகத்துக் கிராமத்தில் இன்னும் பழையபடிதான். ஆரும் வீட்டுக்குள் போகலாம், பெட்டியைத் திறக்கலாம், பாணையும் உருளைக்கிழங்கையும் அள்ளலாம், கட்டிலைக்கூட உடைத்து எடுத்துக்கொண்டு போகலாம். வீட்டுக்காரர் கையைக் கட்டிக்கொண்டு பக்கத்தில் நின்று பார்ப்பார், மூக்கால் ஒருக்கா முனகுவார்.